பட்டா மாற்றம்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுகிறவள் நான். என் கணவரிடமும் லைசென்ஸ் இருக்கிறது. பர்ஸில் பத்திரமாக இருக்கிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே அந்தப் பக்கத்து மிதியடியைத் தேய்த்துவிட்டார். சிறுசேரிக்கு ஆபீஸ் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே வருகிற மனிதர், நான் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் முழித்துக்கொண்டு பாடம் எடுக்க ஆரம்பிப்பார். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். வீட்டுக்கு வந்தும் பாடம் கேட்டுக்கொண்டிருக்க எனக்கென்ன தலையெழுத்தா?

வண்டியும் என்னுடையதுதான். பழைய டீசல் எஸ்யூவி. கல்யாணத்துக்கு முன்பே என் சம்பளத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இவர் அதை ‘உன் எருமை’ என்பார். எருமையில் ஏறித்தானே கோவளம் வரைக்கும் வந்து வறுத்த மீனை வெட்டினீர்கள் என்று நானும் விடமாட்டேன்.

எங்கள் தெரு முடிச்சூர் பக்கம். மழைக்காலத்தில் மற்ற ஊர்க்காரர்கள் ‘உங்க பக்கம் மழையா?’ என்று விசாரிப்பார்கள். நாங்கள் ‘உங்க வீட்ல எத்தனாவது படி?’ என்று விசாரித்துக்கொள்வோம். தண்ணீர் ஏறிய படியைத்தான் சொல்கிறேன்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஹால் நிறையப் பெண்களைக் குரலாலேயே கட்டி மேய்த்தவர். சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும் குரோம்பேட்டைக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். போகும்போது என் ஓட்டுதலைக் குறை சொல்வார். வரும்போது சொல்லத் தெம்பு இருக்காது. அந்த மௌனத்தைவிடக் குறை சொல்வதே தேவலை என்று எனக்குத் தோன்றும்.

இரண்டு மழைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, தெருவில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. தைரியமாக வண்டியை எடுத்தேன். கேட்டைத் தாண்டியதும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது, நின்றது நின்றதுதான். எதிர்வீட்டு அண்ணா ஓடி வந்தார். மாடியில் குடியிருக்கும் இரண்டு பையன்கள் வந்தார்கள். யாரோ ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். அத்தையை அதில் உட்கார வைத்து, ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்து, தெரு முழுக்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூலைவீட்டு சார் அதைத் தன் மொட்டைமாடியிலிருந்து வீடியோ எடுத்துக் காலனி வாட்ஸாப் குரூப்பில் போட்டார். கீழே ‘மனிதநேயம் சாகவில்லை’ என்று ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் கும்பிடுகிற கைகள் வேறு.

வீடியோ சுற்றாத இடம் இல்லை. பெங்களூரிலிருந்து அத்தையின் பழைய சிநேகிதி போன் செய்து, “என்னடி, உன்னை சாமி மாதிரி தூக்கிட்டுப் போறாங்க?” என்று சிரித்தாராம். அத்தையும் சிரித்தார். போனை வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“சாமிக்காவது ஒரு குடை பிடிப்பாங்க. என் புடவை முட்டி வரைக்கும் ஏறிக் கெடக்கு, அதைக் கூட எவனும் பார்த்து இழுத்து விடலை. ஊரே பார்த்திருக்கு” என்றார். பிறகு கொஞ்சமும் குரலை உயர்த்தாமல், “இனிமே தண்ணி வந்தா என்னை யாரும் தூக்கக் கூடாது. போகலைன்னா போகலை. என்ன ஆயிடப் போவுது?” என்றார்.

என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு திணறும். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்துச் சொன்னதுதான். அத்தை சொன்ன சொல்லை மாற்றுகிற ரகமும் இல்லை. அடுத்த மழைக்குள் இந்த வண்டியை எப்படியாவது தூக்கியாக வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

வண்டலூர் தாண்டி ஒரு ஸ்பிரிங் பட்டறைக்காரரைப் பிடித்தேன். வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவர், யாரோ இறந்துபோன வீட்டிலிருந்து வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

“இன்னா மேடம் இது, பின்னாடி பட்டா பூரா செத்துப் போய் கீது. படுத்துகினு கீது பாருங்கோ.”

பின்சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும் அல்லவா, அதற்குப் பட்டறையில் பட்டா என்று பெயர். எங்கள் வண்டியின் பட்டா வளைவெல்லாம் போய்த் தட்டையாகக் கிடந்தது.

“லோடு வண்டி பட்டா ஒண்ணு காயலான் கடைக்கு வந்துகீது. அத்த எட்தாந்து மாட்டிட்டேன்னு வெச்சுக்கோ, சும்மா யானை மேரி நிக்கும். முன்னாடிக்கு ஒரு வேன்லேர்ந்து சுருள் ஸ்பிரிங்கு. நாளைக்கே முட்சிடலாம் மேடம்.”

‘நாளைக்கு’ என்றால் அவர் கணக்கில் எப்போதாவது ஒரு நாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தினமும் போன் செய்ய வேண்டியிருந்தது. அப்படி ஒரு சாயங்காலம் கூடத்தில் நின்று கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். எப்போதும் அப்படித்தான் பேசுவேன். வகுப்பில் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்க வேண்டுமே.

“ஆமாண்ணா, பட்டா மாத்தியே ஆகணும். இன்னும் எத்தனை நாள் இழுப்பீங்க? பழைய பட்டா எனக்கு எதுக்கு, நீங்களே வச்சுக்கோங்க. அத்தைக்கு இன்னும் சொல்லலை. எல்லாம் முடிஞ்சதும் காட்டிக்கலாம். சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க.”

எங்கள் பக்கத்தில் பட்டா என்ற சொல்லை இப்படிப் பொதுவில் போட்டு உடைக்கக் கூடாது. பாதி மனைகள் ஒரு காலத்தில் ஏரி; மீதிப் பாதி ஏரிக்கரை. இங்கே கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்கிறார்களோ இல்லையோ, பெண் வீட்டுக்குப் பட்டா இருக்கிறதா என்று ஜாடையாகக் கேட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பட்டா அத்தை பெயரில் இருக்கிறது. மாமா போன பிறகு தாலுகா ஆபீஸ் படிகளைத் தேய்த்து அவர் வாங்கியது. அவருக்கு அந்தக் காகிதம் ஓர் ஆள் மாதிரி.

மறுநாள் காலை அத்தை என் காபியைக் குடிக்கவில்லை. தானே போட்டுக் குடித்தார். பீரோ சாவி கழுத்துச் சங்கிலிக்கு ஏறியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க என் ஓட்டுதலைக் குறை சொல்லவே இல்லை. உடம்பு சரியில்லையோ என்று நான் பயந்துபோய் மெதுவாக ஓட்டினேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூரிலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பித்தாள்.

“அம்மா உயிரோட இருக்கும்போதே பட்டா மாத்தறது என்ன நியாயம் அண்ணி?”

“வேற எப்ப மாத்தறதாம்? உங்கம்மாவுக்காகத்தானே மாத்தறேன்” என்றேன்.

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“இதுக்கெல்லாமா கேப்பாங்க? பழசு மொத்தமாப் படுத்துடுச்சு. அதைப் போட்டுட்டு லோடு வண்டிக்காரன்து வாங்கறேன்.”

“லோடு வண்டிக்காரன் பேருக்கா எழுதறீங்க?” நாத்தனார் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள். உள்ளறைக் கதவோரம் வந்து நின்ற அத்தை ‘முருகா’ என்றார். இவர் கையில் தட்டோடு, எந்தப் பக்கம் பேசினாலும் அடி விழும் என்று தெரிந்த ஆளாக, இட்லியைச் சட்னியில் முக்கிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. “அவன் பட்டா நல்ல கெட்டியா இருக்காம். நம்ம எருமையை ஒரு சாண் தூக்கிடுமாம்” என்று சொன்ன பிறகுதான், மூன்று முகங்களும் போன போக்கைப் பார்த்து எனக்கே பொறி தட்டியது. சிரிப்பு வந்து, அதற்கு முன்னாலேயே கோபமும் வந்துவிட்டது. என்னைப் பற்றி இவ்வளவுதான் நினைப்பா என்று கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அத்தையின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய், டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் காட்டினேன்.

“இதோ பாருங்க, இதுதான் பட்டா. இதைத்தான் மாத்தறேன். வேணும்னா இதுக்கும் உங்க கையெழுத்து வாங்கிக்கறேன்.”

அத்தை குனிய முடியாமல் குனிந்து பார்த்தார். “இதுக்கு எவன் பட்டான்னு பேர் வச்சான்?” என்று அந்த ஆள் மேல் பழியைப் போட்டார். நிமிர்ந்ததும், “எதுக்கு இப்ப தூக்கறே?” என்று கேட்டார்.

“மழை வந்தா நீங்க நாற்காலியில போகமாட்டீங்களே. அதுக்குத்தான்.”

அன்று சாயங்காலம் என் காபியைக் குடித்தார். சர்க்கரை அதிகம் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பட்டறைக்காரர் முதலில் பின்பக்கத்தை மட்டும் முடித்தார். முன்பக்கத்து ஸ்பிரிங் ‘நாளைக்கு’. சில வாரம் வண்டி, மூக்கைத் தரையில் வைத்து எதையோ மோப்பம் பிடிப்பதுபோலத் தாம்பரத்தைச் சுற்றியது. பள்ளி வாட்ச்மேன், “மேடம், பின்னாடி ஜாக்கி எடுக்க மறந்துட்டீங்களா?” என்று அக்கறையாகக் கேட்டார். பிறகு முன்பக்கமும் ஏறியது. நீளமான ஷாக் அப்சார்பர், பிரேக்குக்கு நீளமான ஹோஸ், என்ஜினுக்குக் காற்று போகும் குழாயையும் மேலே தூக்கிக் கட்டி, ஒருவழியாக முடித்துக் கொடுத்தார். ஹெட்லைட்டை இறக்க மட்டும் மறந்துவிட்டார். முதல் நாள் இருட்டியதும் தெருவுக்குள் திரும்பினேன். மூலைவீட்டு சாரின் மாடி ஜன்னலில் நேராக வெளிச்சம் பாய்ந்து, லுங்கியோடு அவர் பால்கனிக்கு ஓடி வந்தார். அந்த வீடியோவுக்கு இது சரியாகிப்போயிற்று என்று ஒரு வாரம் கழித்துத்தான் லைட்டைச் சரி செய்தேன்.

பூஜை போட நானும் இவரும் திருநீர்மலைக்குப் போனோம். அடிவாரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு வேகத்தடை. லோடு வண்டிப் பட்டா என்ன செய்யும், அதற்குப் பழக்கம் சிமெண்டு மூட்டை. எங்கள் இரண்டு பேரின் எடை அதற்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. வண்டி துள்ளியது, இவருடைய தலை கூரையில் இடித்தது. இறங்கிப் பட்டறைக்காரருக்கு போன் போட்டேன்.

“அது அப்டித்தான் மேடம். லோடு ஏத்தினா தானா உக்காரும். காலி வண்டின்னா குதிக்கத்தான் செய்யும்” என்றார், பெருமையாக.

குதித்தால் குதிக்கட்டும், தண்ணீரைத் தாண்டினால் போதும் என்று வீட்டுக்கு வந்தேன். அத்தை குங்குமம் வைத்த வண்டியை வாசலில் நின்று பார்த்தார். முன்கதவைத் திறந்துவிட்டேன். ஏறக் காலைத் தூக்கினார். கால் பாதி உயரத்துக்குக்கூடப் போகவில்லை.

இதை நான் யோசிக்கவே இல்லை. வண்டியை எவ்வளவு தூக்கலாம் என்று அத்தனை பேச்சு பேசினோம், அதில் ஏறப்போகிற மனுஷிக்கு எவ்வளவு முழங்கால் மடங்கும் என்று யாரும் பேசவில்லை. முக்காலி போட்டுப் பார்த்தோம். முக்காலியில் ஏறலாம், அங்கிருந்து உள்ளே போக, முன்பக்கத்துப் பிடியை இடது கையால் பிடித்து உடம்பை இழுக்க வேண்டும். டயாலிசிஸுக்கு ஊசி போடுகிற கை அதுதான். அதில் கனமே கொடுக்கக் கூடாது. வலது கைக்கு எட்டுகிற உயரத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை. முக்காலி வேறு ஆடியது. “நான் தூக்கி உட்கார வச்சிடறேம்மா” என்று இவர் இரண்டு கையையும் நீட்டினார். அத்தை பார்த்த பார்வையில் கைகள் தாமாகவே சட்டைப் பைக்குள் போய்விட்டன.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ஆட்டோவில் போனோம். அத்தை உட்கார, நான் பக்கத்தில். எங்கள் யானை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தெருவில் எல்லாரும் விசாரித்தார்கள். இவர் ஒரு நாள், “மாமியார் ஏறாத வண்டி வேணும்னா நேராச் சொல்லியிருக்கலாமே” என்று வாய்விட்டார். அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சாப்பாடு உப்புமா. பட்டறைக்காரரைக் கேட்டால், “ரெண்டு பிளேட்டு கயட்டிட்டா எறங்கிடும் மேடம், நாளைக்கே” என்றார்.

அந்த ‘நாளைக்கு’ வருவதற்குள் மழை வந்துவிட்டது.

வியாழன் மத்தியானம் ஆரம்பித்தது விடவே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். ஆட்டோக்காரர், “வண்டி மெயின் ரோட்டோட சரிக்கா, உள்ள வராது” என்று போனை வைத்துவிட்டார். அத்தை குளித்து, புடவை கட்டி, ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, பையைக் கீழே வைத்தார்.

“விடும்மா. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்றார்.

அவர் கணுக்கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே போய் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அது உறுமிய சத்தத்துக்கு எதிர்வீட்டு அண்ணா தண்ணீரில் சளக் சளக்கென்று வந்து சேர்ந்தார். தாம்பரத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்கு முன்னால் அவர் நின்றால் கல்லா தெரியாது. “மேடம், மெயின் ரோடு வரைக்கும் நாங்களும் வரலாமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மனைவியோடு பின்னால் ஏறிவிட்டார். மாடிப் பையன்கள் லேப்டாப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். எங்கள் வீட்டுப் பிரச்சினை என்னவென்று தெரியாமல் ஆளாளுக்கு ஏறுகிறார்களே என்று கத்த வாயைத் திறந்தேன்.

“கொஞ்சம் இரு” என்றது அத்தையின் குரல்.

வாசலில் நின்று வண்டியின் ஃபுட்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் ஆளாக ஏற ஏற, பின்பக்கம் முனகிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது.

“எதிர்வீட்டுத் தம்பியைக் கடைசி சீட்லேர்ந்து நகர்ந்து, என் சீட்டுக்கு நேர் பின்னால உக்காரச் சொல்லு” என்றார். அண்ணா நகர்ந்தார். வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. “இன்னும் ஒரு ஆள் வேணும். மூலைவீட்டுக்காரரைக் கூப்பிடு.”

மூலைவீட்டு சார் பேண்ட்டை மடித்துக்கொண்டு வந்தார், கையில் போன். “அதை உள்ளே வைங்க சார்” என்றார் அத்தை. வைத்தார். ஏறினார். இவரும் கடைசியில் ஏறினார். அத்தை ஃபுட்போர்டு மேல் வலது காலை வைத்தார். சீட்டின் முதுகை வலது கையால் பிடித்தார். ஒரு மூச்சு. உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

யாரும் கை தட்டவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தால் தட்டத் தைரியம் வராது.

தெருத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனோம். இத்தனை பேர் உட்கார்ந்ததில் வண்டி துள்ளவே இல்லை, மெத்து மெத்தென்று போனது. தூக்கிய உயரத்தில் பாதியை இவர்கள் அமுக்கிவிட்டார்கள், ஆனாலும் தண்ணீர் மிதியடியைத் தொடவில்லை. “ரைட்ல பள்ளம்” என்றார் அத்தை. “தெரியும்” என்றேன். “தெரிஞ்சா ஏன் அந்தப் பக்கமே போறே?” என்றார். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது.

மெயின் ரோடு வந்ததும் ஓரமாக நிறுத்தினேன். கதவு திறக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், எல்லாரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இறங்கலையாண்ணா? கடைக்கு நேரமாகலை?”

“இல்ல மேடம்” என்றார் எதிர்வீட்டு அண்ணா. “நாங்க இறங்கிட்டா வண்டி எழுந்துக்கும். அப்புறம் அங்க அம்மா எப்படி இறங்குவாங்க? நீங்க ஓட்டுங்க.”

மாடிப் பையன்களில் ஒருவன் ஆபீஸுக்கு போன் செய்து, “ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேன் சார்” என்று பொய் சொன்னான். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. எனக்குத்தான் ரோடு கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் படிக்கட்டை ஒட்டி நிறுத்தினேன். அத்தையின் கதவைத் திறக்க இவர் பின்சீட்டிலிருந்து இறங்கப் போனார். அத்தை, “நீ உக்காரு” என்றார். பிறகு அந்தப் பழைய எக்ஸ்சேஞ்ச் குரலில், “யாரும் அசையக் கூடாது” என்றார். கதவைத் தானே திறந்தார். காலைத் தொங்கவிட்டு, தேடி, தரையைப் பிடித்தார். எழுந்து நின்று கொசுவத்தைச் சரி செய்துகொண்டார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பழக்கப்பட்ட ஆபீஸுக்குப் போகிறவர்போல நடந்தார்.

எதிர்வீட்டு அண்ணா என் காதுக்குப் பின்னால் மெல்லக் கேட்டார்.

“இப்ப மூச்சு விடலாமா மேடம்?”

“இருங்கண்ணா” என்றேன். அத்தை இன்னும் கண்ணாடிக் கதவைத் தாண்டவில்லை.